பெரிய வூட்டம்மா எழுதுவது

தம்பி, உன் இரண்டு கடிதங்களும் வந்து சேர்ந்தன. முதல் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. இரண்டாவதைக் கொண்டுவந்த போஸ்ட்மேன், "ஓசூர்ல இருந்து மறுபடியும் வந்துக்குது, நீங்க பதில் போடலியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையில் கொடுத்தார். சாந்திக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, காலை ஷிப்டுக்கு ஆறு மணிக்கெல்லாம் பஸ் வந்துவிடும், பாப்பாவுக்கு மூன்று வயது ஆகப்போகிறது, அம்மா வந்து கூட இருந்தால்தான் சரிப்படும் என்று எழுதியிருக்கிறாய். இருபது வருஷம் பால்வாடியில் பிள்ளைகளை மேய்த்தவளுக்குச் சொந்தப் பேத்தியை வளர்ப்பது ஒரு பெரிய காரியமா என்று கேட்டிருக்கிறாய். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று ஒரு பழமொழியையும் எழுதி, அதன் அடியில் கோடு வேறு போட்டிருக்கிறாய். நீ விளையாட்டாகத்தான் எழுதினாய். தன் பிள்ளை தானே வளர்ந்ததை நான் கண்ணால் பார்த்தவள். அதனால்தான் பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று.

போன பொங்கலுக்கு நீங்கள் வந்திருந்தபோது பாப்பா என் மடியில் ஏற வந்தாள். நான் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அன்றைய சமையல் முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. சாந்தி அதைப் பார்த்தாள். மரியாதை தெரிந்த பெண், பாப்பாவைத் தூக்கிக்கொண்டாள். உன்னிடம் சொன்னாளோ என்னவோ. சொல்லியிருந்தால் அவள் சொன்னது சரிதான். எனக்குக் குழந்தையைப் பிடிக்காமல் இல்லை. சொந்தக் குழந்தை மடியில் உட்கார்ந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. ஐம்பத்தைந்து வயதில் இதை எழுத வெட்கமாக இருக்க வேண்டும். அதுகூட இல்லை.

மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றி என்னிடம் கேள், ஒரு நாள் முழுக்கச் சொல்வேன். இரண்டு பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தால் ஒன்றோடொன்று விளையாடுவதுபோல் இருக்கும். உண்மையில் ஆளுக்கொரு விளையாட்டு, இடம் மட்டும்தான் ஒன்று. நாலு வயதில்தான் "நீ மாமியாரு, நான் மருமவ" என்று கூட்டுச் சேரும். மூன்றில் எல்லாம் "என்னுது". நாலில் புலி வந்து கஞ்சியைக் குடித்துவிட்டுப் போனதாகச் சொல்லும். பொய் சொல்கிறது என்று அடிக்காதே, அப்போதுதான் அதற்குக் கதை முளைக்கிறது. சிலேட்டில் மனிதனைப் போடச் சொன்னால் தலையிலிருந்து நேராகக் காலை இறக்கும். வயிறு என்று ஒன்று இருப்பது பசிக்கும்போது தெரியும், வரையும்போது தெரியாது. சாக்பீஸை முதலில் உலக்கையைப் பிடிப்பதுபோல் பிடித்திருக்கும், பிறகு ஒருநாள் மூன்று விரலுக்கு வந்துவிடும். ஒற்றைக்காலில் நொண்ட ஐந்து வயது நெருங்க வேண்டும். ஏன், ஏன் என்று கேட்டு உயிரை எடுக்கும். பாதி நேரம் அதற்குப் பதில் வேண்டியதில்லை, நீ எழுந்து போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நம் ஊர்ப் பிள்ளைகள் நூறு பேருக்கு இதெல்லாம் எந்த மாதத்தில் வந்தது என்று என்னால் சொல்ல முடியும். நீ எப்போது நொண்டினாய் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அது முனியம்மாவுக்குத்தான் தெரியும்.

முனியம்மா யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் இன்னமும் உன்னைத் தவிட்டான் என்றுதான் கூப்பிடுகிறார்கள்; கம்பெனியில் உன் பெயர் வேறு என்பதால் இங்கே வரும்போதெல்லாம் உனக்குக் கோபம் வருகிறது. நீயே சாந்தியிடம், எனக்கு முன்னால் பிறந்த இரண்டு தங்கவில்லை, என்னைத் தவிட்டுக்கு விற்றார்கள், ஐந்து வயது வரை முனியம்மா வீட்டில் வளர்ந்தேன், அது அந்தக் காலத்து மூடத்தனம் என்று சிரித்துக்கொண்டு சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். நீ சொன்னதில் பாதி சரி. மீதியை உனக்குச் சொல்ல ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்த உங்கப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் நானே சொல்கிறேன். படித்துவிட்டு, நான் ஓசூருக்கு வர வேண்டுமா வேண்டாமா என்பதை நீ சொல்.

உனக்கு முன்னால் ஓர் அண்ணன், ஓர் அக்கா. அண்ணன் பதினொரு மாதம் இருந்தான், கோடையில் வயிற்றுப்போக்கில் போய்விட்டான். அக்காவுக்கு இரண்டரை வயது. உங்கப்பாவின் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, அவர் பேரிகை ஊருக்குக் கிளம்புவதுபோலவே, "நான் பேரிகை போறன், கதவ சாத்திக்கோ" என்று எனக்கு உத்தரவு போடுவாள். நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் காலையில் அவளை எடுத்துக்கொண்டு போனபோது நான் ராகி மாவு சலித்துக்கொண்டிருந்தேன் என்று ஊரில் சொல்வார்கள். உண்மைதான். யாரோ சல்லடையைப் பிடுங்கி வைக்கும்வரை கை பாட்டுக்குச் சலித்துக்கொண்டிருந்தது. அழுகை வரவில்லை. வரும் வரும் என்று பார்த்தேன், வரவேயில்லை. அப்புறம் அது எனக்குப் பழகிவிட்டது. ஐம்பதுகளின் ஆரம்பத்தில் நீ பிறந்தபோது மருத்துவச்சி "ஆம்பளப் புள்ளம்மா" என்று காட்டினாள். நான் தலையை ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

பிள்ளை தங்காத வீட்டில் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். பிள்ளைகள் நிறைந்த வேறொரு வீட்டுக்குத் தவிட்டுக்கு விற்றுவிட்டால், இது இவளுடைய பிள்ளை இல்லை என்று எமன் ஏமாந்து போவான். முனியம்மாவும் அவள் புருஷனும் நம் நிலத்தில் வேலை செய்தார்கள். அவளுக்கு ஐந்து பிள்ளைகள், ஐந்தும் உயிரோடு. கடைசியானது கைக்குழந்தை. வாங்குகிறவள்தான் தவிடு கொடுக்க வேண்டும். அவள் வீட்டில் ஏது தவிடு? இந்தப் பக்கம் எல்லோரும் ராகிக் களி தின்கிறவர்கள். நெல் தவிடுதான் ஆகும் என்று பூசாரி சொல்லிவிட்டார். உங்கப்பா கெலமங்கலம் மில்லுக்குப் போய் வாங்கி வந்து, அதைப் பின்வாசலில் அவள் முந்தானையில் கொட்டினார். அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து அதையே எங்களிடம் கொடுத்துவிட்டு, முறத்தில் கிடந்த உன்னைத் தூக்கிக்கொண்டாள். எமனுக்கு அவ்வளவு புத்தி போதும் என்று எல்லோரும் நம்பினோம். பூசாரி அவளைக் கேட்டார், "இந்தப் புள்ள யாருது?" "எங்குளுதுங்க சாமி." பிறகு என்னிடம், "உனக்குப் புள்ள இருக்குதாம்மா?" இல்லை என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். மற்றப் பெண்களுக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிடும், பக்கத்தில் இருப்பவள் தோளைத் தட்டிச் சொல்லவைப்பாள். எனக்கு எளிதாக வந்தது.

இதுவரை உனக்குத் தெரியும். தெரியாதது இனிமேல்தான். தவிட்டுக்கு விற்பது ஒரு பேச்சுக்குத்தான், தம்பி. அன்று பொழுது சாய்வதற்குள் பிள்ளை வீட்டுக்குத் திரும்பிவிடும். பேர் சொல்லிக் கொஞ்சக் கூடாது, என் மகன் என்று சொல்லக் கூடாது, ஐந்து வயதில் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்; மற்றபடி பால் கொடுப்பது, குளிப்பாட்டுவது, தூக்கி வளர்ப்பது எல்லாம் பெற்றவள்தான். உன்னையும் அன்று மாலையே கொண்டுவந்து கொடுத்தாள். மூன்றாம் நாள் உனக்கு உடம்பு சுட்டது. நான் உன்னைத் தூக்கிக்கொண்டு களத்தைத் தாண்டி முனியம்மா வீட்டுக்குப் போய், அவள் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அவள் தன் பிள்ளைக்கு ஒரு பக்கமும் உனக்கு ஒரு பக்கமுமாகப் பால் கொடுத்தாள். மறுநாள் சூடு இறங்கிவிட்டது. அவள் கொண்டுவந்தாள். நான் வாங்கவில்லை.

உன் முதல் பிறந்தநாள் முடிந்ததும் பூசாரியே வந்து, "போதும்மா, வார்த்தைக்கு வித்தது, போய்த் தூக்கிக்கினு வா" என்றார். உங்கப்பா கெஞ்சியும் பார்த்தார், சத்தம் போட்டும் பார்த்தார். ஐந்து வயது முடியட்டும் என்றேன். பிள்ளைமேல் உள்ள ஆசையால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு பிரிந்திருக்கிறாள் என்று ஊர் பேசிக்கொண்டது. எனக்கு நல்ல பேர்கூடக் கிடைத்தது. ஆசையும் இல்லை, கல்லும் இல்லை. உன்னைத் தூக்கினால் உனக்காகப் பயப்பட வேண்டியிருக்கும். ஒவ்வொரு தும்மலுக்கும், ஒவ்வொரு ராத்திரிச் சூட்டுக்கும் செத்துப் பிழைக்க வேண்டியிருக்கும். அவள் வீட்டில் நீ இருந்தபோது எனக்கு அந்தப் பயம் இல்லை. உனக்கு இருமல் என்று யாராவது சொன்னால், முனியம்மா பார்த்துக்கொள்வாள் என்று களி கிளறப் போய்விடுவேன். அந்த நிம்மதி எனக்குப் பிடித்துப்போனது. நான் செய்த முதல் தப்பு இதுதான்.

அவள் வீடு நம் களத்துக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரம். நீ வளர்ந்ததையெல்லாம் அந்தத் தூரத்திலிருந்து பார்த்தேன். ராகி அடிக்கும் நாளில் களத்தில் முனியம்மாவின் பெரிய பெண் உன்னை நிறுத்திவிட்டுக் கையை விட்டாள். நீ நாலு எட்டு வைத்து முனியம்மாவின் முழங்காலைப் பிடித்தாய். வேலை செய்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். நான் தூற்றிக்கொண்டிருந்தேன், காற்று நின்றுவிடுமே என்று திரும்பவும் முறத்தை எடுத்தேன். மூன்று வயதில் அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவாய், எங்களிடம் தமிழ், எல்லை தாண்டி வைக்கோல் ஏற்ற வரும் வண்டிக்காரரிடம் கன்னடம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது ஒரு வித்தையில்லை, முகத்தைப் பார்த்து மொழியை மாற்றிக்கொள்ளும். என் முகத்துக்கு நீ வைத்திருந்தது வாங்க, போங்க. முனியம்மாவின் பிள்ளைகள் எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படியேதான் நீயும் கூப்பிட்டாய். பெரிய வூட்டம்மா.

உனக்கு நாலு வயது இருக்கும். ஒரு மத்தியானம் நான் வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தேன். நீ வந்து எதிரில் குந்திக்கொண்டாய். "பெரிய வூட்டம்மா, புளிக்கு ஏன் கொட்ட?" என்றாய். முளைப்பதற்கு என்றேன். "ஏன் மொளைக்கணும்?" மரம் ஆவதற்கு. "மரம் ஏன் ஆவணும்?" நான் அடுத்த புளியை எடுத்தேன். நீ கொஞ்ச நேரம் கொட்டைகளை வரிசையாக அடுக்கினாய். பிறகு நிமிர்ந்து வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வூட்ல புள்ள இல்லியா?" என்று கேட்டாய்.

"இல்ல" என்றேன்.

நீ யோசித்தாய். நாலு வயதுப் பிள்ளை யோசிப்பது முகத்தில் அப்படியே தெரியும், புருவத்திலிருந்து உதடு வரை எல்லாம் சேர்ந்து வேலை செய்யும். "எங்க வூட்ல ஆறு இருக்குதுங்க. நான் வேணா வரட்டுமா?"

"போடா, உங்கம்மா தேடுவா."

நீ சரி என்று எழுந்து ஓடிவிட்டாய். நான் மிச்சப் புளியைத் தட்டி முடித்தேன். அன்று எனக்குள் என்னென்னவோ நடந்திருக்கும் என்று நீ நினைக்கலாம். ஒன்றும் நடக்கவில்லை. புளி நன்றாக இருந்தது, அந்த வருஷம் சதைப்பற்று அதிகம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. நீ கேட்டது எனக்கு உறைத்ததே பல வருஷம் கழித்து, பால்வாடியில் ஒரு பெண்குழந்தை யாரிடமோ "நான் வரட்டுமா?" என்று கேட்டபோது. அன்றைக்குப் பருப்பு அடி பிடித்துவிட்டது.

ஐந்து வயது முடிந்து, பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று உன்னைத் திரும்ப வாங்கினோம். தவிடும் ஒரு புதுப் புடவையும் கொடுத்தோம். முனியம்மா உன் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, "பெரிய வூட்ல நெல்லுச்சோறு போடுவாங்க, போடா ராசா" என்று சிரித்துக்கொண்டே என் மடியில் உட்காரவைத்தாள். நீ அழக் கூடாது என்றுதான் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்பதே எனக்கு அப்போது புரியவில்லை. நீ அதை விளையாட்டு என்று நினைத்து, பொழுது சாயும்வரை சமர்த்தாக இருந்தாய். விளக்கு வைத்ததும் எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, "நான் வூட்டுக்குப் போறங்க, பெரிய வூட்டம்மா" என்றாய். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். மறுநாள் காலையில் எழுந்து என் எதிரில் நின்று, என் முகத்தைப் பார்த்தே, "அம்ம ஏதி?" என்று கேட்டாய். அம்மா எங்கே என்று. நான் சொம்பில் தண்ணீர் மொண்டு, பல் விளக்கு என்றேன்.

அதற்குப் பிறகு நீ பேசுவதை நிறுத்திவிட்டாய். எந்த மொழியிலும் பேசவில்லை. இரண்டு வயதிலேயே விட்டிருந்த படுக்கை நனைப்பது திரும்பி வந்தது. விரல் வாய்க்குப் போயிற்று. தானாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய், ஊட்டினால் வாயைத் திறந்தாய். பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரித்தோம். ஏறிவந்த ஏணியில் குழந்தை பயந்துபோய் இரண்டு படி கீழே இறங்கி உட்கார்ந்துகொள்ளும், கையைப் பிடித்தால் மறுபடி ஏறும் என்று இப்போது எந்தத் தாய் வந்து கேட்டாலும் சொல்கிறேன். உன் கையை நான் பிடிக்கவில்லை. தினமும் களத்தைத் தாண்டி ஓடுவாய், உங்கப்பா தூக்கி வருவார். முனியம்மா தன் வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்பாள். திருப்பிக் கொடுத்தபின் தொடமாட்டேன் என்று எங்களுக்குக் கொடுத்த வாக்குக்காக அப்படியே நிற்பாள். நாற்பது நாள் இப்படி. நாற்பத்தோராம் நாள் நான் உங்கப்பாவிடம், அவர்கள் இங்கே இருக்கிறவரை இவன் நம் பிள்ளை ஆகமாட்டான் என்றேன். அவர் கெலமங்கலத்துப் பக்கம் ஒரு பங்காளியின் தோட்டத்தில் அவர்களுக்கு வேலை பேசி முடித்தார்.

புறப்படும் முன் முனியம்மா பின்வாசலுக்கு வந்தாள். "அம்மா, எங்கள அனுப்பாதீங்க. தெனம் ஒருவாட்டி கண்ணுல பாத்தா போதும். கிட்டகூட வரமாட்டன், அவன் கண்ணுக்கும் படமாட்டன். வேலிக்கு அந்தாண்ட நின்னு பாத்துக்கினு போயிருவன்" என்றாள். முடியாது என்றேன். சத்தமில்லாமல்தான் சொன்னேன். நீ பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் பார்த்து வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். மாலையில் நீ வந்து நேராக அங்கே ஓடி, திறந்து கிடந்த வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாய். வந்து, அத்தனை நாளைக்குப் பிறகு வாயைத் திறந்து, "எங்க போய்ட்டாங்க?" என்று என்னைக் கேட்டாய். நான் சொன்ன பதிலை எழுத்து பிசகாமல் எழுதுகிறேன். "அவளுக்கு நீ வேணாமாம். அதான் உன்ன உட்டுட்டுப் போயிட்டா. இனிமே இங்கதான்."

அது பொய், தம்பி. இத்தனை நாளாக நீ உண்மை என்று நம்பிக்கொண்டிருப்பது நான் சொன்ன பொய்.

நீ அழவில்லை. தலையை ஆட்டினாய். அன்று ராத்திரியிலிருந்து நீயே சாப்பிட்டாய், படுக்கை நனைவது நின்றது, என்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாய். எல்லாம் சரியாகிவிட்டது என்று ஊரில் சொன்னார்கள், நானும் சொன்னேன். நான் கேட்டது அந்த ஒரு வார்த்தைதான், அது கிடைத்தும்விட்டது. கிடைத்தபோது ஒன்றும் தெரியவில்லை.

ஒன்றிரண்டு வருஷத்தில், ஐம்பதுகள் முடிவதற்குள், நம் ஊருக்கு அரசாங்கக் கிராம சேவிகா வந்து பால்வாடி தொடங்கினார். பிறந்த வீட்டில் என்னை எட்டாவது வரை படிக்கவைத்திருந்தார்கள். ஊரில் வேறு படித்த பெண் இல்லை என்று என்னைப் பிடித்துக்கொண்டார். கிருஷ்ணகிரியில் ஒரு மாதம் பயிற்சி. அங்கே பாடம் நடத்திய அம்மாள் ஒருநாள் சொன்னார்: நாலு ஐந்து வயதுப் பிள்ளைக்கு உலகத்தில் எது நடந்தாலும் தன்னால் நடந்தது என்றே தோன்றும், வீட்டில் ஒருவர் காணாமல் போனால், நான் கெட்ட பிள்ளை, அதனால் போய்விட்டார் என்று முடிவு கட்டிக்கொள்ளும், அதை வாயால் சொல்லாது. எல்லோரும் நோட்டில் எழுதினார்கள், நானும் எழுதினேன். என் எழுத்து அன்றும் கோணாமல்தான் இருந்தது. பிறகு இருபது வருஷம் அந்த நோட்டில் இருந்ததை ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்தேன். பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்போது நைசாக நழுவிப் போகும் தாய்மாரைப் பிடித்து நிறுத்துவேன். சொல்லிவிட்டுப் போ, அழுதால் அழட்டும், எப்போது வருவாய் என்பதைச் சோறு தின்றதும் வருவேன், வெயில் தாழ்ந்ததும் வருவேன் என்று பிள்ளைக்குப் புரிகிற கணக்கில் சொல், சொன்னபடி வா என்பேன். சாந்தியிடமும் இதைச் சொல். ஆறு மணி பஸ்ஸுக்குப் பாப்பா தூங்கும்போது நழுவிப் போக வேண்டாம், எழுப்பிச் சொல்லிவிட்டுப் போகட்டும். பால்வாடியில் நான் நல்லவளாகத்தான் இருந்தேன். எத்தனையோ பிள்ளைகளை மடியில் வைத்துச் சோறு ஊட்டியிருக்கிறேன். சாயங்காலம் அவரவர் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்பதால் அது எனக்கு முடிந்தது.

கெலமங்கலம் சந்தையை நீ மறந்திருக்க மாட்டாய். உனக்குப் பதினாலு வயது. அவரைக்காய் விற்கப் போயிருந்தோம். முனியம்மா கூட்டத்தில் உன்னைப் பார்த்துவிட்டு, "தவிட்டா, என் ராசா" என்று கத்திக்கொண்டு, கையில் பொரிப் பொட்டலத்தோடு ஓடி வந்தாள். நீ அவளை நன்றாகப் பார்த்தாய். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "யாரும்மா அது?" என்று என்னைக் கேட்டாய். தெரிந்தேதான் கேட்டாய். அந்த இடத்திலாவது நான் சொல்லியிருக்க வேண்டும். "யாரோ" என்றேன். அவள் பொட்டலத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள், நாம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனோம்.

உன் இரண்டாவது கடிதம் வந்த பிறகு, போன வாரம் நான் கெலமங்கலம் போய் அவளைப் பார்த்தேன். மகள் வீட்டில் இருக்கிறாள். கண் புரை விழுந்து ஆள் நிழலாகத்தான் தெரிகிறது. குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்து, எழுந்து நிற்கப் பார்த்தாள். நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். "தவிட்டான் நல்லாக்கிறானாம்மா? புள்ள பொறந்துக்குதாமே, பொண்ணாமே" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. உனக்கு எந்தக் கம்பெனி, எந்தத் தெருவில் வீடு, எல்லாம். நான் சுற்றி வளைக்காமல், அன்று உன்னிடம் சொன்ன பொய்யை அவளிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"தெரியும்மா" என்றாள். "சந்தையில மூஞ்சியத் திருப்பிக்கினான் பாருங்க, அப்பவே தெரிஞ்சிபோச்சி. எங்கிட்ட வளந்த புள்ள தானா அப்பிடி செய்யாது. யாரோ சொல்லிக்கிறாங்க. உங்களத் தவுர யாரு சொல்லுவாங்க?"

"தெரிஞ்சும் ஏன் அவங்கிட்ட சொல்லல? எத்தினி வருசம், ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கலாமே" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு, "சொன்னா உங்ககிட்டயும் இல்லாம போயிருவாம்மா. அம்மா இல்லாத புள்ளயா திரியவா? ஒருத்திகிட்டயாவது இருக்கட்டும்னு உட்டுட்டன்" என்றாள்.

தம்பி, இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பூசாரி கேட்ட இடத்தில் வராதது அன்று அவள் வீட்டு மண்தரையில் எனக்கு வந்தது. ரொம்ப நேரம் இல்லை. அவள் மகள் காப்பி கொண்டுவந்தாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு குடித்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். இப்போது இதை எழுதும்போது மறுபடியும் ஒன்றும் இல்லை. அதை எதிர்பார்த்து என்னைக் கூப்பிடாதே.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஷிப்டு கிடையாது என்று எழுதியிருந்தாய். இந்த ஞாயிறே கெலமங்கலம் போ. சாந்தியையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. மாரியம்மன் கோயிலை ஒட்டிய சந்தில் மூன்றாவது வீடு. அவளுக்குக் கண் தெரியாது, நீ வாசலில் பேசாமல் நின்றால் யாரோ என்றுதான் இருப்பாள். அதனால் நீ கூப்பிட வேண்டும். என்னவென்று கூப்பிட வேண்டும் என்பதை நான் உனக்குச் சொல்லித் தர முடியாது. அதை நான்தான் உன் வாயிலிருந்து எடுத்தேன். நீ திரும்பி வந்த பிறகும் உன் பெண்ணை என்னிடம் விட உனக்கு மனசு வந்தால் எழுது, வருகிறேன். பாப்பா மடியில் ஏறினால் எழுந்து போகமாட்டேன், அதை மட்டும் என்னால் சொல்ல முடியும். மனசு வராவிட்டால், வரவேண்டாம் என்றே எழுது. ஆனால் பாப்பா வளர்ந்து என்னைப் பற்றிக் கேட்டால், அவளுக்கு நீ வேண்டாமாம் என்று மட்டும் சொல்லிவிடாதே.